மஸ்ஜித் பந்தர் கிடங்குகள்: கூரையைக் கவனிக்க ஆளில்லாத கட்டடங்கள்

மும்பையில் ஒரு பழைய கட்டடம் இடிந்து விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் அதன் வயது கட்டாயம் இருக்கும். நூறு ஆண்டுப் பழமை, நூற்றிருபது ஆண்டுப் பழமை என்று போடுவார்கள். படிக்கிறவரும் ‘அப்படியானால் விழத்தானே செய்யும்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் பழைய கிடங்குகளையும் வணிகக் கட்டடங்களையும் சோதித்துப் பழுது பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வயதின் மேல் பழி போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். 2013 செப்டம்பர் 27 அன்று டாக்யார்டு ரோடு அருகே பாபு கேனு மார்க்கெட் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அது முப்பது வயதைச் சற்றே தாண்டிய கட்டடம். தரைத்தளத்தில் ஒரு கிடங்கு இருந்தது; அங்கே அனுமதியில்லாமல் செய்ததாகச் சொல்லப்பட்ட மாற்றங்கள்தான் பிறகு பெரிதாகப் பேசப்பட்டன. அங்கிருந்து சிறிது தூரத்தில், அதைப்போல மும்மடங்கு வயதுள்ள கிடங்குகள் இன்றைக்கும் மூட்டை சுமந்துகொண்டு நிற்கின்றன.

நான் பார்த்தவரையில் இந்தக் கட்டடங்களுக்குக் கேடு வருவது இரண்டு வழியில்: மேலிருந்து இறங்கும் தண்ணீர், உள்ளே இருப்பவர்களின் பங்காளிச் சண்டை. வியாபாரம் இருந்தவரை இரண்டும் அடங்கிக் கிடந்தன. மேல்மாடியில் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த காலத்தில் ஓடு ஒன்று விலகினாலும் முதலாளி தூக்கத்தைவிட்டு எழுந்து ஆள் அனுப்புவார். நனைந்தால் நஷ்டம் அவருக்கு. அந்த மூட்டை போய் அங்கே கூரியர் அலுவலகமும் அச்சகமும் வந்தபிறகு கூரையைக் கவனிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

இந்தத் தெருக்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் கட்டடத்தைப் படிப்பது பாதி எளிது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வராமல் போகவே, பம்பாய்ப் பருத்திக்கு யோகம் அடித்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து பெரிய பெரிய வியாபாரிகளே மஞ்சள் கடுதாசி கொடுத்தார்கள். ஆனால் நகரம் ருசி கண்டுவிட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1873இல் துறைமுகத்தை நடத்தும் போர்ட் டிரஸ்ட் அமைந்தது. 1875இல் சசூன் டாக், 1880இல் பிரின்சஸ் டாக், 1914இல் அலெக்சாண்ட்ரா டாக் என்று கப்பல் துறைகள் வரிசையாக வந்தன. கடைசியாகச் சொன்னதற்கு இன்றைய பெயர் இந்திரா டாக். அதைத் தோண்டிய மண்ணைக் கொட்டித் தூர்த்த 22 ஏக்கரில்தான் பாலார்ட் எஸ்டேட் எழுந்தது. கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்டே இதற்கும் கட்டடக் கலைஞர். தெரு முழுவதும் கட்டடங்களின் உயரமும் முகப்பும் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதற்கு அவருடைய கண்டிப்பே காரணம்.

என் தந்தை அங்கே ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தவர். மாட்டுங்காவிலிருந்து டிபன் கேரியரோடு புறப்பட்டுப் போகும் தமிழ் குமாஸ்தாக்களின் கூட்டம் ஒன்று அக்காலத்தில் உண்டு. பாலார்ட் எஸ்டேட் காகித வேலைக்காக, அதாவது அலுவலகங்களுக்காகக் கட்டியது, பி. டி'மெல்லோ சாலையைத் தாண்டி வடக்கே கர்னாக் பந்தர், மஸ்ஜித் பந்தர் பக்கம் இருப்பவை சரக்குக்காகக் கட்டியவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடைக் கணக்கு வரும்போது தேவைப்படும்.

சரக்குக் கிடங்கின் அங்க அடையாளங்களைத் தெருவில் நின்றபடியே பார்த்துவிடலாம். தரைத்தளம் தெருவைவிட இடுப்பளவு உயர்ந்திருக்கும். மாட்டு வண்டியின் தட்டும் கிடங்கின் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால் மூட்டையைத் தூக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். மேல்மாடிக் கதவுக்கு மேலே சுவரிலிருந்து ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருந்தால் அது கப்பி மாட்டிய இடம். வாசல் முனையில் குட்டையாக நிற்கும் வார்ப்பிரும்புக் கட்டை, சக்கரம் சுவரை உரசாமல் இருக்க. கூரைக்குச் சற்றுக் கீழே வரிசையாகச் சிறு காற்றுத் துளைகள். இவற்றில் பாதி இன்று விளம்பரப் பலகைக்குப் பின்னால் கிடக்கும். காற்றுத் துளையைப் பலகை போட்டு அடைத்திருந்தால் உள்ளே மரத்தின் நிலைமை என்ன என்று நான் தெருவிலேயே ஊகிக்கத் தொடங்கிவிடுவேன்.

இன்னொன்றையும் தெருவில் கவனிக்கலாம். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தது. வெடிமருந்து, பருத்திப் பொதி, தங்கக் கட்டி எல்லாம் ஒரே கப்பலில் இருந்தன. தீயணைக்கப் போனவர்களில் 66 பேர் மாண்டார்கள். நாடு முழுவதும் தீயணைப்புப் பணி வாரம் அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது. துறைமுகத்தை ஒட்டிய கட்டடங்களில் அதற்கு முந்தைய கல்லும் சுண்ணாம்பும் ஒரு பக்கம், அதற்குப் பிறகு ஒட்டுப்போட்ட கான்கிரீட் மறு பக்கம் என்று இருப்பதை நான் அடிக்கடிப் பார்க்கிறேன். இரண்டு பொருளும் சேரும் கோட்டில்தான் விரிசல் முதலில் வரும். ஆகவே ஒரு கட்டடத்துக்கு ஒரே வயதுதான் என்று நம்பி உள்ளே போகாதீர்கள்.

மஸ்ஜித் பந்தரில் மஞ்சளும் வற்றலும் மல்லியும் விற்கும் விருதுநகர் அண்ணாச்சி ஒருவருடைய கிடங்கைப் பார்க்கப் போயிருந்தேன். மசாலா மொத்த வியாபாரம் 1990களில் நவி மும்பையின் வாஷிக்குப் பெயர்ந்தபோது போகாமல் தங்கிவிட்டவர்களில் அவரும் ஒருவர். தரைத்தளமும் முதல் மாடியும் அவருடையவை. இரண்டாம் மாடியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர். அதற்கு மேலே ஒரு பார்சல் அலுவலகம். முதல் மாடியின் ஒரு மூலையில் வைக்கும் மஞ்சள் மட்டும் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் பூசணம் பிடிக்கிறது என்பது அவர் முறையீடு.

“சுவருக்கு ரசாயனப் பூச்சு அடிக்க ஒருவர் விலை சொல்லியிருக்கிறார் தம்பி. அடித்துவிடலாமா?” என்றார்.

“முதலில் மாடிக்குப் போவோம் அண்ணாச்சி.”

“மூலை இங்கே இருக்கிறது. மேலே போய் என்ன பார்க்கப்போகிறாய்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பெரும்பாலோர் கறை தெரிகிற இடத்தில்தான் மருந்து தேடுவார்கள். ஆனால் இந்தக் கிடங்குகளின் சுவர் இரண்டு அடிக்கும் மேல் கனமானது. வெளிப்புறம் செதுக்கிய கல், உட்புறம் கல் அல்லது செங்கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும் கொட்டிய நிரப்பு. உச்சியில் புகுந்த தண்ணீர் அந்த நிரப்பின் வழியாக இரண்டு மாடி இறங்கி, எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். உத்தரம் சுவருக்குள் நுழையும் குழிதான் பெரும்பாலும் அந்தச் சந்து.

மேலே ஏறினோம். மங்களூர் ஓடு வேய்ந்த கூரையில் பாதியை யாரோ சிமென்ட் தகடாக மாற்றியிருந்தார்கள். இரண்டு சரிவும் சேரும் கூடுவாயில் புறா எச்சம் ஒரு முழத்துக்கு இறுகிப்போய்க் கிடந்தது. அதில் அரசங்கன்று ஒன்று என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தண்ணீர் இறங்க வேண்டிய குழாயின் வாயில் குட்கா உறைகள். மழை பெய்தால் கூடுவாய் நிறைந்து தண்ணீர் சுவரின் தலைக்குள் திரும்புவதைத் தவிர வேறு வழியே இல்லை.

கீழே வந்து அண்ணாச்சியின் மேசையிலிருந்த குத்தூசியை வாங்கினேன். மூட்டையில் குத்திச் சரக்கு மாதிரி எடுப்பார்களே, அந்த ஊசி. ஏணி போட்டு ஏறி, உத்தரத்தின் நடுவில் குத்தினேன். பர்மாத் தேக்கு, நுனிகூட இறங்கவில்லை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குத்தினேன், லேசாக இறங்கியது. சுவரை ஒட்டிக் குத்தியபோது பிடிவரை போயிற்று. இழுத்துப் பார்த்தால் ஊசியின் பள்ளத்தில் ஈரமான காபித் தூளைப் போல மரம் வந்திருந்தது. அண்ணாச்சி அதை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

“ஊரார் மூட்டையில் சொத்தை கண்டுபிடித்த ஊசி. இன்றைக்கு என் வீட்டு உத்தரத்தையே காட்டிக் கொடுத்துவிட்டது” என்றார்.

பழைய கட்டடத்தில் வாடகைக்கோ பக்டிக்கோ (முதலில் பெரும் தொகை, பிறகு சொற்ப வாடகை என்ற முறை) இடம் பார்க்கிறவர்கள் இந்தச் சோதனையை மட்டுமாவது செய்துவிடுங்கள். ஒரு கூரான திருப்புளி போதும். உத்தரத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துத் ‘தேக்கு, இரும்பாட்டம் இருக்கிறது’ என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள். நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். முனையைப் பாருங்கள். அங்கே புதிதாகப் பூசி, வர்ணம் அடித்து, பொய்க்கூரை போட்டு மறைத்திருந்தால், அதில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அழுகிய முனைக்காக உத்தரம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. கெட்டதை அறுத்தெறிந்துவிட்டு, நல்ல மரத்தை ஒட்டவைத்து இருபுறமும் எஃகுத் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்கலாம். சுவருக்குள் உட்காரும் இடத்தில் கல் படுகை வைத்து, மரத்தைச் சுற்றிக் காற்றோட இடம் விடவேண்டும். பழைய தேக்கு வேண்டுமென்றால் இடித்த கட்டடங்களிலிருந்து வருவது மும்பை மரக்கடைகளில் கிடைக்கும். புதுத் தேக்கைவிட நன்றாகக் காய்ந்தது. முட்டுக் கொடுப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். முதல் மாடி உத்தரத்தின் பாரத்தை இறக்க முதல் மாடித் தளத்தின் மேலேயே முட்டை நிறுத்தினால், பாரம் கீழ்த்தள உத்தரத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டுக்கு நேர் கீழே இன்னொரு முட்டு, அதற்குக் கீழே கெட்டித் தரை என்று வரிசை பிடிக்க வேண்டும். இதைச் செய்யாத ஒப்பந்தக்காரரை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவது உத்தமம்.

ரசாயனப் பூச்சு வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டையோ ரப்பர் பூச்சையோ அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து இரண்டு மழைக்காலத்தில் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். ஊரில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணாச்சியே சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காய் ஊறவைத்து வெல்லம் கரைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இப்போதைய சிக்கல், கடையில் சுண்ணாம்பு என்று விற்பது பாதிக்குமேல் வெள்ளையடிக்கத்தான் ஆகும். கல்சுண்ணாம்பை வாங்கி நீற்றி, சல்லடையில் அரித்து, தண்ணீருக்கடியில் சில வாரங்களாவது ஊறவைத்துச் செங்கல் தூளோடு அரைக்கிற கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். விலைப்பட்டியலில் ‘சுண்ணாம்புக் காரை’ என்று மட்டும் எழுதினால் போதாது. சிமென்ட் கலக்கக்கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். விரைவில் இறுகட்டும் என்று ஒரு சட்டி சிமென்டை உள்ளே தள்ளும் பழக்கம் நல்ல மேஸ்திரிகளிடமும் உண்டு.

விரிசலைப் பற்றி. விரிசல் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, இருக்கும். வளர்கிறதா என்பதுதான் கேள்வி. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையையும் சுவரில் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இதைவிட மலிவான கருவி கிடையாது; இதை விலை உயர்ந்த கருவியாலும் பொய்யாக்க முடியாது. மழைக்கு முன் ஒட்டி, மழைக்குப் பின் பார்க்க வேண்டும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். உத்தர மட்டத்தில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் கிடையாக ஓடினால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல்லையே தூக்கிவிடும். இரண்டு சுவர் கூடும் மூலையில் செங்குத்தாகப் பிளந்து, மேலே போகப்போக அகன்றால், முகப்புச் சுவர் தெருவைப் பார்த்துச் சாய்கிறது. அதற்கு மட்டும் கண்ணாடி ஒட்டிக் காத்திருக்காதீர்கள், அன்றே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எந்தப் பொறியாளர் என்பதிலும் கவனம் வேண்டும். மும்பையில் 30 ஆண்டைக் கடந்த கட்டடத்துக்கு மாநகராட்சிச் சட்டப்படி கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம். அறிக்கை கட்டடத்தை வகைப்படுத்தும்: சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டும்; சி-2ஏ என்றால் ஒரு பகுதியைக் காலி செய்து பெரிய அளவில் பழுது பார்க்க வேண்டும்; சி-2பி என்றால் காலி செய்யாமலே பழுது பார்க்கலாம்; சி-3 சில்லறை வேலை. ஒரு கல் கிடங்குக்கு வந்த தணிக்கைக் குழு கான்கிரீட்டைச் சோதிக்கும் சுத்தியலையும் மீயொலிக் கருவியையும் எடுத்துக்கொண்டு சுற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். கான்கிரீட்டே இல்லாத கட்டடத்தில் அந்தக் கருவி எதை அளக்கும்? பின்னால் ஒட்டுப்போட்ட ஒரு கழிப்பறைத் தளத்தை அளந்தார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான பகுதி. கட்டடத்துக்கே சி-1 எழுதிவிட்டுப் போனார்கள். மரத்தின் ஈரப்பதம் எவ்வளவு, உத்தர முனைகளில் எத்தனையைத் திறந்து பார்த்தீர்கள், சுவர் செங்குத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். அறிக்கையில் இவை இல்லையென்றால் அது இந்தக் கட்டடத்துக்கு எழுதிய அறிக்கை இல்லை. உரிமையாளர் தரப்பு அறிக்கையும் குடியிருப்போர் தரப்பு அறிக்கையும் முரண்பட்டால் மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்குக் கொண்டுபோகலாம். சி-1 சரிதான் என்றே ஆனாலும், வெளியேறுமுன் உங்கள் இடத்தின் பரப்பளவை மாநகராட்சியை வைத்து அளந்து எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இனி எடை. இந்திய தர விதிகளின்படி அலுவலகத் தளம் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ தாங்கினால் போதும். சரக்குக் கிடங்கு குறைந்தது 750 கிலோ, அடுக்கும் உயரத்துக்கேற்ப அதற்கும் மேலே. இந்தக் கட்டடங்கள் அந்த விதிகளுக்கு முன்னால் பிறந்தவை என்றாலும் கட்டியவர்களின் அனுபவக் கணக்கு ஏறத்தாழ அதையொட்டியே இருக்கிறது. அதனால் பழைய கிடங்கு அலுவலகமாக மாறினால் எடையால் பெரிய ஆபத்தில்லை. தலைகீழாக, அலுவலகத் தளம் சரக்கைச் சுமக்கும்போதுதான் வினை. பாலார்ட் எஸ்டேட் காகித வேலைக்குக் கட்டியது என்றேன். அங்கே மேசை நாற்காலிக்கு விட்ட தளத்தில் இருபது வருடக் கோப்புகளை அறை நிறைய, உத்தரம் தெரியாமல் அடுக்கியிருப்பார்கள். காகிதத்தைப்போல் ஏமாற்றுகிற சரக்கு வேறில்லை. நெருக்கி அடுக்கினால் ஒரு கன மீட்டர் முக்கால் டன்னைத் தாண்டும். கோப்பு அலமாரியைச் சுவர் ஓரம் வையுங்கள், அறை நடுவில் வேண்டாம். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் ஒரு டன் என்பதையும் மாடியில் தொட்டி வைக்கிறவர்கள் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

தரைத்தளத்து உயரத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் போட்மாளா போடும் ஆசை வந்துவிடும். பாதி உயரத்தில் ஒரு பரண் தளம், இடம் இரட்டிப்பாகிவிடும். அதன் சட்டங்களைப் பழைய சுவரைக் கொத்திச் செருகும்போது சுவரின் கனம் அந்த இடத்தில் குறைகிறது. தனித்தூண் நிறுத்தி, தரையில் தனி அஸ்திவாரம் போட்டு, சுவரைத் தொடாமல் கட்டினால் ஒழிய நான் கையெழுத்துப் போடுவதில்லை. இதனால் போன வேலைகளும் உண்டு. போகட்டும்.

பாலார்ட் எஸ்டேட்டில் தரைக்குக் கீழே அடித்தளக் கிடங்கு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கடலிலிருந்து பிடுங்கிய நிலம். இடத்தைக் கடல் ஏற்றம் குறைந்த ஏகாதசியன்று மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மழைக்காலத்துப் பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய கடல் ஏற்றத்தில் போய்ப் பாருங்கள். மாநகராட்சி மழைக்காலத்துக்கென வெளியிடும் அட்டவணையில் நாலரை மீட்டருக்கு மேல் அலை ஏறும் நாட்களும் நேரமும் இருக்கும். அந்த நேரத்தில் அடித்தளத் தரையின் மூட்டுகளில் ஈரம் பூத்தால் அங்கே கணினியோ துணியோ வைக்க முடியாது. சரக்கு வைத்தே ஆகவேண்டுமானால் பலகைக் கட்டில் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மூட்டை சுமக்கும் பழைய மாத்தாடித் தொழிலாளர்கள் யாரும் சொல்லாமலே இப்படித்தான் அடுக்குவார்கள்.

மின்கம்பி பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. மரப்படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பலகை இருந்தால் முதல் செலவு அதை இடம் மாற்றுவதாக இருக்கட்டும்.

அண்ணாச்சியின் கிடங்குக்குத் திரும்புகிறேன். கோளாறு புரிந்தது; பழுது பார்க்கும் வழியும் தெரிந்தது. பணம் யார் போடுவது? பக்டி முறையில் உள்ளே வரும்போது பெரும் தொகை கொடுத்திருப்பார்கள். மாத வாடகை ஒரு சாப்பாட்டு விலைகூட இராது. கைமாறும்போது உரிமையாளருக்கு ஒரு பெரும்பங்கு போகும். மற்ற நாளில் அவர் எட்டிப் பார்ப்பதில்லை. வாடகையைக் காட்டி, இதில் என்ன பழுது பார்க்க என்று கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999இன்படி, உரிமையாளர் பழுது பார்க்காவிட்டால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகைதாரரே பார்த்து, ஆண்டு வாடகையில் கால் பங்குவரை கழித்துக்கொள்ளலாம். அந்த வாடகையில் கால் பங்கு ஓர் ஓட்டு வரிசைக்குக்கூடக் காணாது. ஆனாலும் நோட்டீஸ் அனுப்புங்கள் என்பதே என் ஆலோசனை. நாளைக்கு யார் அனுமதியோடு கூரையில் ஏறினாய் என்ற கேள்வி வந்தால் காட்ட ஒரு தாள் வேண்டும். நிலம் துறைமுகத்துடையதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அப்படியானால் குத்தகை என்றைக்கு முடிகிறது, முடிந்தே போய்விட்டதா என்பது எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி; அங்கே வாடகைத் தகராறு உச்ச நீதிமன்றம்வரை போய் 2004இல்தான் தீர்ப்பானது. கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா, எந்தத் தரம் என்றும் பார்க்க வேண்டும். 1995இலிருந்து மும்பையில் அந்த விதி இருக்கிறது. முகப்பில் கை வைக்குமுன் அனுமதி தேவைப்படலாம்.

பார்சல் அலுவலகக்காரர் “எனக்கு ஒழுகவில்லையே” என்றார். உண்மைதான், தண்ணீர் அவர் தலைக்கு மேல் புகுந்து அண்ணாச்சியின் தலையில் இறங்கியது. பத்திரிகை அச்சடிக்கிறவர் எல்லோரும் போட்டால் நானும் போடுகிறேன் என்றார். அண்ணாச்சி மட்டும் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். அதை நான்தான் தடுத்தேன். ஒருவர் பணத்தில் கூரை போட்டால் அடுத்த மழைக்குக் கூடுவாயை வழிக்கிற வேலையும் அவர் ஒருவருடையதாகிவிடும். கூரை, வெளிச்சுவர், மழைக்குழாய், படிக்கட்டு இந்த நான்குக்கும் பரப்பளவுப்படி எல்லோரும் பங்கு. அவரவர் உள்தளம் அவரவர் செலவு என்று முத்திரைத் தாளில் எழுதினோம். தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. மே மாத இறுதிக்குள் கூரை முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தக்காரருக்குப் பாதித் தொகை நிறுத்தம். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் நவராத்திரிக்குப் பின்னும், கூடுவாயை வழித்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்தோம். படம் எடுக்கும் விதியைச் சிரித்துக்கொண்டேதான் எழுதினோம். நடைமுறையில் அதுதான் வேலை செய்கிறது. வரவேண்டிய நேரத்தில் படம் வராவிட்டால் அச்சகக்காரர் எல்லோரையும் கேள்வி கேட்கிறார்.

பார்சல் அலுவலகக்காரர் கடைசியில் தம் பங்கைக் கட்டிவிட்டார். அதற்குக் காரணம் என் விளக்கம் ஏதும் இல்லை. கடன் கேட்டுப் போன இடத்தில் கட்டடத்தின் தணிக்கை அறிக்கை கேட்டார்கள். இப்போது அவருக்கும் அண்ணாச்சிக்கும் வேறு வழக்கு. அவருடைய ஏசி இயந்திரத்தின் தண்ணீர்க் குழாய் புதுச் சுண்ணாம்புச் சுவரில் சொட்டுகிறது. குழாயை மழைநீர்க் குழாயில் சேர்க்க ஆகும் செலவு மிகச் சொற்பம். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. அடுத்த கட்டடத்துக்கு எழுதும் ஒப்பந்தத்தில் ஏசி தண்ணீருக்கென்று தனி வாசகம் சேர்த்திருக்கிறேன்.